சந்துக்குப் பாதி, எனக்குப் பாதி

செப்டம்பர் 2, செவ்வாய்

இலக்கிய மன்ற விழாவில் எட்டாம் வகுப்பு சார்பாக நான் பேசப்போகிறேன். தலைப்பு ‘மழையின் சிறப்பு’. விக்டோரியா டீச்சர் என் பெயரைச் சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. பார்த்தது என் முகத்தை அல்ல, அதற்கு மேலே.

டீச்சரும் அங்கேதான் பார்த்தார். தலை அடங்கியிருந்தால்தான் மேடை என்றார். அடங்காவிட்டால் போன ஆண்டு போலவே ‘மரம் வளர்ப்போம்’ நாடகத்தில் மரமாக நிற்கலாமாம். போன ஆண்டு என் தலையில் காகிதத்தில் செய்த குருவிக்கூடு ஒன்றை வைத்தார்கள். கிளிப் எதுவும் போடவில்லை. அது தானாகவே நின்றது. நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மேடைக்கு வந்து, தத்ரூபமான மரம் என்று பாராட்டினார். கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மரத்துக்கு வசனம் கிடையாது.

இந்த ஆண்டு நான் பேசியே ஆக வேண்டும். ஒரு சிக்கல் இருக்கிறது. என் தலைமுடி எனக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

செப்டம்பர் 3, புதன்

அந்தச் சிக்கலை இன்று ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

மதுரையில் அனுப்பானடிப் பக்கம், பள்ளியின் பின்சுவரை ஒட்டி எங்கள் சந்து இருக்கிறது. சந்தில் எல்லா வீட்டிலும் அப்பளம் தேய்க்கிறார்கள். அம்மாவும்தான். உளுந்த மாவைப் பிசைந்து, உலக்கையால் இடித்து, உருட்டி, நூலால் துண்டு போட்டு, வட்டமாகத் தேய்த்து, சந்து நெடுகப் பாய் விரித்துக் காயப்போடுவார்கள். காய்வதற்குள் மழை பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். மாவு கம்பெனிக்காரருடையது. நனைந்தால் நட்டம் தேய்த்தவர் தலையில். அதனால் எங்கள் சந்தில் மழை என்ற சொல்லை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

என் முடி சுருட்டை. சாதாரணச் சுருட்டை இல்லை. ஒவ்வொரு இழையும் தனக்கென்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது. இரட்டைச் சடை போட்டாலும் முன்முடியும் காதோர முடியும் எந்தக் கிளிப்புக்கும் கட்டுப்படாமல் வெளியே நிற்கும். காற்றில் ஈரம் ஏறினால் அவை உப்பி எழும்பும். இதைப் போன ஆண்டு பேச்சியம்மா பெரியம்மா கண்டுபிடித்தார். அவர் எங்களுக்கு உறவில்லை; சந்தில் எல்லாருக்கும் பெரியம்மா. அவர் பாய் விரித்தால்தான் மற்றவர்கள் விரிப்பார்கள். அவர் வகுத்த கணக்கு இது:

"நெத்தியில விழுந்தா தூத்தல். காத மறைச்சா மழை. கண்ணையும் மறைச்சுருச்சுன்னா கம்மாய் ஒடையப் போகுதுன்னு அர்த்தம்."

என் தலை இதுவரை பொய் சொன்னதில்லை. அதனால் பள்ளிக்குப் போகும் முன்னால் நான் வாசல்படியில் நிற்க வேண்டும். மதிய உணவு இடைவேளையில் பள்ளியின் பின்சுவர் அருகே போய் நிற்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா ஒரு முக்காலியில் ஏறி என் தலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சந்தைப் பார்த்துக் கத்துவார். சில நாள் "கெடக்கட்டும்", சில நாள் "எடு எடு எடு". அதன் பிறகுதான் நான் சாப்பிடப் போகலாம்.

இது எனக்குத் தொல்லை. மிகப் பெரிய தொல்லை. சந்தில் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 6, சனி

நூலகம் போனேன். அறிவியல் வரிசையில் ஒரு நூலில் ஈரமானி என்ற கருவியின் படம் இருந்தது. காற்றின் ஈரத்தை அளக்க அந்தக் காலத்து விஞ்ஞானிகள் மனிதத் தலைமுடியைத்தான் கருவிக்குள் கட்டி வைத்தார்களாம். ஈரம் ஏறினால் முடி நீளும், முள் நகரும். படித்ததும் எனக்குப் புல்லரித்தது. இரவல் வாங்கி வந்து சந்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அது தவறு. கருவியில் கட்டும் முடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி வைப்பார்கள் என்ற வரியையும் சேர்த்துப் படித்துவிட்டேன். இனிமேல் எனக்குத் தலைக்கு எண்ணெய் கிடையாது என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெறும் சீயக்காய் மட்டும். இனிமேல் படித்துக் காட்டும்போது முன்கூட்டியே ஒருமுறை மனத்துக்குள் படித்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

என் வகுப்புத் தோழி பர்வீன் வீட்டில் அவள் அக்காவின் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தோம். சென்னையில் ஒரு பெண், என்னைப் போலவே முடி. ஆனால் அவர் முடி சுருள் சுருளாக, திருகாணி வரிசை வைத்ததுபோலத் தொங்குகிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சுருட்டை முடி அடங்காத முடி அல்ல, தாகம் எடுத்த முடி. காய்ந்த நிலையில் சீப்பே படக்கூடாது. ஈரமாக இருக்கும்போது விரலாலோ அகலப் பல் சீப்பாலோ சிக்கெடுக்க வேண்டும். தேங்காய்ப்பூத் துண்டால் தலை துவட்டக் கூடாது, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆளி விதையைக் கொதிக்க வைத்து, கொழகொழவென்று வந்ததும் வடிகட்டி, ஈர முடியில் பூசிக் கீழிருந்து மேலாகக் கையால் கசக்க வேண்டும். பிறகு தொடாமல் காயவிட வேண்டும். காய்ந்ததும் முடி அப்பளம்போல விறைத்து நிற்கும். பயப்படக் கூடாது. அதை மெல்ல நொறுக்கினால் உள்ளே மெத்தென்ற சுருள் இருக்கும்.

அப்பளம் என்று அவர் சொல்லவில்லை. அது என் உவமை.

செப்டம்பர் 8, திங்கள்

பலசரக்குக் கடையில் ஆளி விதை இல்லை. வெண்டைக்காயிலும் அதே கொழகொழப்பு உண்டு என்று பர்வீன் சொன்னாள். வேகவைத்து வடிகட்டி ஒரு பக்கம் மட்டும் பூசிப் பார்த்தேன். பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் முழுக்க என்னைச் சுற்றி ஈக்கள். வெண்டைக்காயைக் காணோம் என்று அம்மா தேடினாள். குழம்பு வெறும் குழம்பாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆளி விதை கிடைத்துவிட்டது. பனியன் துணிக்குக் குறைவில்லை; அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஊருக்கு வரும்போதெல்லாம் கழித்த பனியன்களை மூட்டையாகக் கொண்டுவருவார்.

கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா வாசனை பிடித்து வந்துவிட்டார். என்ன காய்ச்சுகிறாய் என்றார். தலைக்கு என்றேன். எதுக்கு என்றார். முடி உப்பாமல் இருக்க என்றேன்.

உண்மை பேசுவது நல்ல பழக்கம் என்று எல்லா நூல்களிலும் இருக்கிறது. நேரம் பார்த்துப் பேசச் சொல்லி எந்த நூலிலும் இல்லை.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தண்ணீர்க் குழாய்த் தகராறுக்குப் பிறகு இவ்வளவு பெரிய கூட்டம் நடந்ததில்லை. நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். விழாவைப் பற்றிச் சொன்னேன், மேடையைப் பற்றிச் சொன்னேன், மரத்தைப் பற்றியும் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி சித்திக்குக் கண் கலங்கியது. தலைப்பு என்ன என்று பெரியம்மா கேட்டார். மழையின் சிறப்பு என்றேன்.

"மழைக்கு என்னத்தா செறப்பு?" என்றார் பெரியம்மா.

பயிர் விளைகிறது, ஆறு ஓடுகிறது, கண்மாய் நிறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் வேறு எங்கிட்டாவது பெய்யட்டும் என்றார்.

முடிவு: தீபாவளி வரை என் தலையில் எதுவும் படக்கூடாது. தீபாவளிச் சரக்கு முடிந்ததும் நான் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். விழா அக்டோபர் பதினொன்று. தீபாவளி அதற்குப் பிறகு.

அம்மா கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சியதைச் சாக்கடையில் ஊற்றப் போனவள் என்ன நினைத்தாளோ, மூடி போட்டு ஜன்னல் மேல் வைத்துவிட்டாள். இரண்டு நாளில் கெட்டுப்போய்விடும்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. மதியம் தேர்வு எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து "கண்ணீ, தலையக் காட்டுத்தா" என்று பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். கண்காணிப்பாளர் என்னை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றி உட்காரவைத்தார். ஓடிப்போய் நிற்க வேண்டிய வேலை மிச்சம்.

செப்டம்பர் 20, சனி

பேச்சு எழுதி முடித்தேன். மூன்று பக்கம். கடைசிப் பத்தி எனக்கே பிடித்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு மரம் பேசியது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

சந்தில் எல்லா வீட்டுப் பலகையையும் உலக்கையையும் கழுவி, பிள்ளையார் கோயில் முன்னால் வரிசையாக வைத்து, விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். பூசையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். உலக்கைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மணை போட்டிருந்தது. அதில் என்னை உட்காரவைத்தார்கள்.

எனக்கும் சந்தனம், எனக்கும் குங்குமம். சூடம் காட்டினார்கள். கடைசியில் எல்லாப் பலகைக்கும் தெளித்த தண்ணீரை எனக்கும் தெளித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சந்தனமாரி சித்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். உலக்கைக்கு அப்படிச் செய்யவில்லை.

ஆயுத பூசை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது விதி. புத்தகங்களையும் பூசையில் வைத்துவிட்டதால் நான் படிக்கவும் முடியாது. இன்று யாரும் பாய் விரிக்கவில்லை, யாரும் என் தலையைக் கேட்கவில்லை. மதியம் எனக்கு எந்த வேலையும் இல்லை.

வேறு குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆளி விதை நன்றாகக் கொதித்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல வரும். சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் துணியை விட்டு இறங்காது. இதைப் பொது அறிவுக்காக எழுதுகிறேன்.

சாயங்காலம் தலையில் சுற்றியிருந்த பனியன் துணியை அவிழ்த்தபோது முடி விறைத்து நின்றது. உள்ளங்கையில் வைத்து நொறுக்கினேன். காதருகே ஒரு சத்தம், அப்பளத்தைக் கையால் உடைக்கும் அதே சத்தம். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன்.

அதைப் பற்றி எழுத எனக்கு உவமை கிடைக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

மழை.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதுவதே நாட்குறிப்பு என்பதால் எழுதுகிறேன்.

நேற்று விஜயதசமி. வேலை தொடங்க நல்ல நாள் என்று எல்லாரும் விடியலிலேயே மாவு இடித்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை. நான் வாசல்படியில் நின்றேன். பெரியம்மா என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என்ன இன்றைக்கு இப்படி மினுமினுப்பு என்று கேட்டார். நேற்று சரஸ்வதி பூசை அல்லவா என்றேன். முந்தின நாள் சரஸ்வதி பூசை என்பது உண்மை; யார் வேண்டுமானாலும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

"அடங்கிக் கெடக்கு. விரிங்கடி" என்றார்.

சந்து முழுக்க வெள்ளை வட்டங்கள். மதியமும் பார்த்தார். சுருள்கள் அசையவில்லை. பாயெல்லாம் கெடக்கட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் மதுரைக்கு மேலே இருந்த அத்தனை தண்ணீரும் எங்கள் சந்தில் விழுந்தது. பாயைச் சுருட்டப் போனவர்கள் களியைச் சுருட்டினார்கள். அம்மா இரண்டு கையிலும் மாவோடு நடுச்சந்தில் நின்றாள். மழைக்கும் முடிக்கும் இடையே ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். காற்றின் திசை, மேகத்தின் உயரம். விஞ்ஞானிகளின் கருவியே சில சமயம் தவறும் என்று அந்த நூலில் இருக்கிறது. பக்கம் தேட வேண்டும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்தபோது, பழுதான மிக்சியைப் பார்ப்பதுபோல வருத்தத்தோடு பார்த்தார். ‘புள்ள பெரியவளாகிட்டு வருது, முடி மாறும்’ என்று அவர் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இரவு நான் சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 4, சனி

சந்தனமாரி சித்தியின் கைபேசியில் வானிலை பார்க்கிறார்கள். அறுபது சதவீதம் மழை என்று வந்தது.

"அறுவதுன்னா என்னடி அர்த்தம்? அறுவது பாய எடுத்துட்டு நாப்பதப் போட்டு வைக்கவா?" என்றார் பெரியம்மா. சித்தி கைபேசியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

கறிக்கடைப் பாண்டி அண்ணனிடம் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வந்த செம்மறி ஒன்று நிற்கிறது. ரோமம் சுருட்டை. அதைக் கொண்டுவந்து பிள்ளையார் கோயில் தூணில் கட்டியிருக்கிறார்கள். பெரியம்மா அதன் கழுத்துப்பக்க ரோமத்தைத் தொட்டுப் பார்த்து, தேவலை என்றார்.

எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. மாறாக நிம்மதி. இனி என் தலை என்னுடையது. நாளை முதல் மதிய இடைவேளையில் உடனே சாப்பிடலாம்.

செம்மறியின் முடி சுருட்டையே இல்லை. அது நெளி. காணொளியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

மதியம் சாப்பிட்டேன். பிறகு தற்செயலாகப் பின்சுவர்ப் பக்கம் போனேன். முக்காலியில் யாரும் இல்லை. சுவரில் ஒரு எறும்பு வரிசை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கவனித்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

செம்மறி பார்ப்பவர்களுக்கெல்லாம் மழை என்றே சொல்கிறது. காலையில் உப்பியிருக்கிறது, மதியம் உப்பியிருக்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உப்பியிருக்கிறது. இரண்டு நாளாக யாரும் பாய் விரிக்கவில்லை. தீபாவளிச் சரக்கு ஒன்றுகூடக் காயவில்லை. இன்று அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா வீட்டுப் பிசைந்த மாவைத் தின்றுவிட்டது. நான் மகிழ்ச்சி அடையவில்லை. அடைந்ததாகப் பர்வீன் சொல்வது தவறு.

அக்டோபர் 8, புதன்

பள்ளி விட்டு வந்ததும் அம்மா கூப்பிட்டாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆளி விதை. கரண்டியில் எடுத்துப் பாகு பதம் பார்ப்பதுபோல ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 எனக்கு முடி எதுவும் மாறவில்லை அம்மா என்றேன்.

"தெரியும்" என்றாள். கரண்டியை வைத்தாள். "பூசை அன்னைக்குச் சாயங்காலம் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்த. கதவுக்கிட்ட நின்னு பாத்தேன். அம்புட்டு அழகா இருந்துச்சுடி. அதான் மறுநா வாயத் தொறக்கல."

அவள் பாய்களும்தான் அன்று நனைந்தன.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். கூட்டத்தில் பேசாத அம்மா அங்கே பேசினாள். முடி எதுவும் மாறவில்லை, அது பிள்ளை தலையில் தடவியதால் வந்த வினை, அதற்குத் தானும் உடந்தை, ஆனால் பிள்ளை மேடையில் மரமாக நிற்கத் தன்னால் சம்மதிக்க முடியாது என்றாள். பெரியம்மா வெகுநேரம் வெற்றிலையை மென்றார். செம்மறி கத்தியது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"பாதி" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பள மாவைத் துண்டு போடும் நூலை எடுத்து, என் நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை வைத்து அழுத்தி வகிடு எடுத்தார்கள். இடப்பக்கம் சந்துக்கு. அதில் எண்ணெய், சீப்பு, கொழகொழ எதுவும் படாது. வலப்பக்கம் எனக்கு. அதில் நான் என்ன செய்தாலும் கேள்வி கிடையாது. பெரியம்மாவும் அம்மாவும் கையடித்துக்கொண்டார்கள். என்னிடமும் கை நீட்டினார். அடித்தேன்.

செம்மறி கறிக்கடைக்குத் திரும்பிவிட்டது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் கறிக்கடையில் ஒரு செம்மறிக்கு என்ன எதிர்காலம் என்பதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று வலப்பக்கம் அம்மா பூசிவிட்டாள். ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாக விரலில் சுற்றி விட்டாள். இடப்பக்கத்துக்கு விரல் நுனிகூடப் படவில்லை. பள்ளி வாசலில் காவல்காரர் என் வலப்பக்கம் இருந்து பார்த்து வணக்கம் சொன்னார். கடந்து போனதும் இடப்பக்கம் தெரிந்து, அடையாள அட்டை கேட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒத்திகை. விக்டோரியா டீச்சர் என்னை ஒரு முறை சுற்றி வந்தார். இரண்டாவது முறை சுற்றி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு என்னை மேடையின் இடது ஓரத்தில், ஒருக்களித்து நிறுத்தினார். அப்படி நின்றால் கூட்டத்துக்கு வலப்பக்கம் மட்டும் தெரியும். இடப்பக்கத்தைப் பின்னால் இருக்கும் திரை மட்டும் பார்க்கும்.

"பாக்க ரொம்ப நல்லாருக்கும்மா, இந்தப் பக்கம்" என்றார். "பேச்சும் நல்லாருக்கு. பரிசு உனக்குத்தான்னு வெச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு, என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது. திரும்பினா கூட்டம் சிரிச்சுரும். அப்புறம் நீ பேசுனது ஒண்ணும் காதுல ஏறாது."

திரும்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 11, சனி

விழா பள்ளி மைதானத்தில் நடந்தது. சந்துக்காரர்கள் எல்லாரும் வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். பெரியம்மா பட்டுச் சேலை. அம்மா இதுவரை என் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை. வேலை நாளில் எப்படி வருவாள். இன்று வந்தாள். காலையிலும் மதியமும் என் இடப்பக்கம் அடங்கிக் கிடந்தது. அதை நம்பி, செம்மறியால் தேங்கிப்போன சரக்கு அத்தனையையும் ஒரே நாளில் தேய்த்து, சந்து முழுக்க, மொட்டை மாடிகளில், பிள்ளையார் கோயில் திண்டில் எல்லாம் பரப்பிவிட்டு வந்திருந்தார்கள். மேடையில் நின்றால் சுவருக்கு மேலே அது தெரிந்தது.

வானம் நீலமாக இருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். என் குரல் ஒலிபெருக்கியில் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. யாரும் என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதல் பக்கம் முடிந்ததும் கைதட்டினார்கள். ஆறு ஓடுவதைச் சொன்னபோது பெரியம்மாவே, போனால் போகிறது என்பதுபோலத் தலையாட்டினார்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் இடது நெற்றியில் ஏதோ உரசியது.

நான் நிறுத்தவில்லை. மழை வந்தால் தவளை பாடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காது மூடிக்கொண்டது. இடப்பக்க ஒலிபெருக்கி மங்கலாகக் கேட்டது. கூட்டத்துக்கு என் வலப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அங்கே ஒரு சுருள்கூட அசையவில்லை. அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். வானம் அப்போதும் நீலம். தொண்ணூறு பேர் பார்த்தாலும் நீலம் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். அதில்தான் எனக்குப் பிடித்த கடைசிப் பத்தி இருக்கிறது. இடது கண்ணை முடி மறைத்தது.

மேடையின் ஓரத்தில் விக்டோரியா டீச்சர் தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பாதே, திரும்பாதே.

நான் திரும்பினேன்.

நேராக, முழு முகத்தோடு, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். முதலில் மாணவிகள் பக்கம் இருந்து சிரிப்பு வந்தது. அது பின்வரிசை வரை போய்ச் சேர்வதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார். அவர் எதுவும் கத்தவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார். முன்வரிசை மொத்தமும் எழுந்தது. தம்மைப் பாராட்டித்தான் எழுகிறார்கள் என்று சிறப்பு விருந்தினரும் எழுந்து கைகூப்பினார். அவர் எழுந்ததால் தலைமையாசிரியர் எழுந்தார். அவர் எழுந்ததால் பள்ளியே எழுந்தது. யாரோ தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் சந்து முழுவதும் பின்சுவரை ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையோடு பெரியம்மா சுவர் ஏறியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். முக்காலி தேவைப்படவில்லை.

தேசிய கீதம் பாதியில் நின்றது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசை காலி. எனக்குக் கடைசிப் பத்தி மீதம் இருந்தது.

அப்போது அம்மாவைப் பார்த்தேன். ஒரு கால் சந்துப் பக்கம், ஒரு கால் பள்ளிப் பக்கம், சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பி, என் பாயையும் சேர்த்து எடுத்துடுங்க மதினி என்று கத்தினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். பேசு என்று அர்த்தம்.

பேசினேன். யாரும் சிரிக்கவில்லை, அல்லது சிரித்தது என் காதில் விழவில்லை. ஒரு காதுதான் வேலை செய்தது. கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தில் முதல் துளி தாளில் விழுந்தது. கடைசி வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னேன். பந்தல் துணி சரிந்தது, விருந்தினர் ஓடினார், நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எல்லாரும் வகுப்பறைக்குள் ஓடினார்கள். சுவரின் மேல் அம்மா நனைந்தபடி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு ஒன்பதாம் வகுப்புக்கு. ‘நேரத்தின் அருமை’ என்று பேசிய பெண்.

வீட்டுக்கு வந்தபோது சந்தில் ஒரு பாய்கூட இல்லை. எல்லா வீட்டுக்குள்ளும், கட்டிலில், அலமாரியில், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், எங்கு பார்த்தாலும் காய்ந்த அப்பளம். ஒன்றுகூட நனையவில்லை. உட்கார இடம் இல்லாமல் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். பெரியம்மா என் ஈரத் தலையைத் தன் பட்டு முந்தானையால் துவட்ட வந்தார். பனியன் துணிதான் நல்லது பெரியம்மா என்றேன். அம்மா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கத்தையும் ஒற்றி எடுத்தார்கள்.

"நல்லாத்தான் பேசுன" என்றார் பெரியம்மா. "ஆனா மழைய அம்புட்டுத் தூரம் புகழக் கூடாதுத்தா. கேட்டுட்டு வந்துருதுல்ல. அடுத்த வருசம் வெயிலப் பத்திப் பேசு."

அக்டோபர் 12, ஞாயிறு

நூலகம் போனேன். வெயிலைப் புகழ்ந்து யாரும் அதிகம் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. மழைக்கு இருப்பதில் கால்வாசிகூட இல்லை. நான்தான் எழுத வேண்டியிருக்கும்.